ரோட்டுக்கு வராது என்று எழுதிக் கொடுத்த கார்

ஸ்பால்டிங்கிலிருந்து வந்த பேருந்து என்னை வாய்க்கால் பாலத்தில் இறக்கிவிட்டபோது மதியம் மூன்றரை மணி இருக்கும். நவம்பர் மாதம். வயல்களின் மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. அறுத்துப் போட்ட முட்டைக்கோஸ் இலைகள் அழுகும் வாடை மூக்கைத் துளைத்தது. இந்த வாடையில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். ஆனாலும் ஸ்கெக்னஸ் கடற்கரையில் முப்பது வருஷம் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த பிறகு எனக்கே அது குமட்டியது.

அண்ணன் வில்ஃபின் வீடு பாலத்திலிருந்து கூப்பிடு தூரம். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது அதில் அவர் மகள் கெரியும் பேத்தி மேபலும் இருந்தார்கள். கெரிக்குக் காய்கறி கட்டும் ஆலையில் வேலை, மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை. எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. “நீங்க வந்தீங்கன்னா எனக்கு உசுரு வந்த மாதிரி அத்தை” என்று போனில் அழுதாள். எனக்கு இடுப்பு எலும்பு மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் கிளம்பி வந்துவிட்டேன்.

வாசலில் அந்த நீலக் கார் நின்றது. சட்டப்படி பார்த்தால் அது என்னுடைய கார். அண்ணன் உயிலில் எனக்கு எழுதிவைத்தது அது ஒன்றுதான். எனக்கோ வண்டி ஓட்டவே பயம். எங்கள் இங்கிலாந்தில் காரைச் சும்மா நிறுத்திவைப்பதென்றாலும் ஒன்று இன்சூரன்ஸ் வேண்டும், இல்லையென்றால் இந்த வண்டி ரோட்டுக்கு வராது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் சொந்த நிலத்துக்குள்தான் நிற்க வேண்டும். ஒரு சக்கரம் ரோட்டைத் தொட்டாலும் அபராதம். காரியம் முடிந்த மறுவாரமே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் அண்ணன் ஒரு விடாக்கண்டன். சொர்க்கத்துக்குப் போனாலும் வாசலில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அதுவும் மிதியடியில் காலை இரண்டு தடவை தட்டித் துடைத்துவிட்டுத்தான். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த வண்டியை ஒரு சாண் வெளியே தள்ளி நிறுத்தினார் என்று அண்ணன் அளவு நாடாவோடு போய் அளந்து புகார் கொடுத்தார். அந்த மனுஷன் அண்ணனின் சாவுக்குக்கூட வரவில்லை. தன் நிலம் முடிந்து அரசாங்க ரோடு தொடங்கும் இடத்தில் அண்ணன் தன் கையாலேயே ஒரு மஞ்சள் கோடு போட்டுவைத்திருந்தார். மழையில் வெளுக்க வெளுக்க வருஷா வருஷம் புதுசாகப் பூசுவார்.

நான் வந்தபோது காரின் முன்சக்கரம் இரண்டும் அந்த மஞ்சள் கோட்டைத் தொட்டபடி நின்றன.

தொட்டபடிதான். தாண்டவில்லை.

கார்மேல் போட்டிருக்க வேண்டிய தார்ப்பாய் சுவரோரம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இரவு கெரி வந்ததும் கேட்டேன். களைத்துப்போய் நாற்காலியில் விழுந்தவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“தெருப் பசங்க தள்ளிவிட்டு வெளையாடுதுங்க அத்தை. தெனமும் காலைல நாந்தான் பின்னால தள்ளிவிடுறேன்.”

“தார்ப்பாயை மடிச்சு வைக்கிற பசங்களா? எந்த ஊர்ல இருக்கானுங்க அப்படிப்பட்ட புள்ளைங்க? கூட்டிட்டு வா, தத்து எடுத்துக்கறேன்.”

“அப்ப சரிவுல உருண்டிருக்கும்.”

சரிவாம்! கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும் ஊர் இது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், விரல் இடுக்குகளில் குளிரில் வெடித்த புண்கள். அந்தப் பெண்ணிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

அண்ணன் செத்ததும் அந்தக் காரில்தான். மேபலைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை. பள்ளி விடுவது மூணேகால் மணிக்கு, காரில் பத்து நிமிஷ தூரம். இருந்தாலும் மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுவார். வாசலைத் தாண்டும்போது இரண்டு சின்ன ஹாரன், பாம் பாம். பள்ளி வாசலிலும் அதே இரண்டு. பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை சாவியைத் திருகினார், என்ஜின் ஓடியது, நெஞ்சு நின்றுவிட்டது. மேபல் பள்ளி வாசலில் பனிமழையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். டீச்சர் உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. “தாத்தா லேட்டா வர மாட்டாரு” என்று சாதித்திருக்கிறாள். அப்புறம் பத்து நாள் காய்ச்சல்.

தேவாலயக் கல்லறையில் அன்று குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. இங்கே நிலமே கடலிடமிருந்து கடன் வாங்கியதுதானே. பெட்டி இறங்கும்போது களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கெரி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மறுநாள் மதியம் கெரி வேலைக்குப் போனதும் நான் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாயை நானே போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தேன். காரின் பேட்டரியோ இரண்டு வருஷமாகச் சரக்கறையில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதை எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இரண்டே முக்கால். ஒன்றுமில்லை.

கெட்டில் கூவியது. எழுந்து போய் டீக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது.

திரும்பிப் பார்த்தால் தார்ப்பாய் மடித்திருந்தது. கல் நாலும் அதன் மேல் வரிசையாக இருந்தன. கார் மஞ்சள் கோட்டில் நின்றது.

அதன் வலது பக்க விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பள்ளிக்கு வலது பக்கம்தான் திரும்ப வேண்டும்.

வெளியே போனேன். கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, மூடிய காருக்குள் யாரோ வெகுநேரம் மூச்சுவிட்டதைப் போல. கதவைத் திறந்தேன். புதினா மிட்டாய் வாடை. அண்ணன் வாயில் எப்போதும் அதக்கிவைத்திருக்கும் அதே மிட்டாய். அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, ஈரக் கரிமண் வாடை.

“வில்ஃபு” என்றேன்.

விளக்கு அணைந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோட்டுக்கு வரும், நிற்கும். பள்ளி விடும் நேரம் கடந்ததும் விளக்கு அணையும். ஒரு அங்குலம் தாண்டியதில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மூன்றாம் நாள் எனக்கு அழுகைதான் வந்தது. ஒரே ஒரு நாள் தாமதமானதற்கு இந்த மனுஷன் தினமும் புறப்படுகிறார். நான் எழுதிக் கொடுத்த காகிதம் தடுப்பதால் தினமும் நின்றுவிடுகிறார். உயிரோடிருந்தபோது மீறாத விதியைச் செத்த பிறகா மீறுவார்?

கெரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு எங்காவது ஓடிவிடுவாள். ஓடுவதற்கு அவளுக்கு இடம் ஏது?

அதற்குள் இன்னொரு தலைவலி வந்தது. மேபலைத் தன் மகளோடு காரில் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த ஜோவன், கிறிஸ்துமஸ் வரைதான் முடியும் என்று சொல்லிவிட்டாள். பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பீட்ரூட் லாரிகள் உறுமிக்கொண்டு போகிற ரோட்டில் மூன்று மைல் பிள்ளையை நடக்கவிட முடியுமா? இந்த இடுப்போடு நான்தான் நடக்க முடியுமா? கெரி சொன்னாள்: “அப்பா காரை ரெடி பண்ணிட்டா காலைல நானே கொண்டுபோய் விட்டுருவேன். சாயங்காலம் நீங்க கூட்டிட்டு வந்துரலாம். பத்து நிமிஷ தூரம் அத்தை. உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே.”

நான் யோசித்தேன். கார் ஓடத் தொடங்கினால் அண்ணனும் நிம்மதியாகப் படுப்பார் என்று என் புத்திக்குப் பட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அன்று செய்தேன்.

ரோட்டுக்கு வராது என்று எழுதிக் கொடுத்த காரும் ஒரே ஒரு காரியத்துக்கு ரோட்டில் போகலாம். முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த தகுதிச் சோதனைக்கு. இன்சூரன்ஸ் மட்டும் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுப் பணம் கட்டினேன். பிறகு மெக்கானிக் நெவிலைக் கூப்பிட்டேன். அவன் கராஜ் பள்ளிக்கூடத் தெருவிலேயே இருக்கிறது.

“வியாழக்கிழமை மூணு மணிதான் காலி இருக்குக்கா. டைரில எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்கோ. எனக்கு ஓட்ட தைரியம் இல்ல. நீயே வந்து எடுத்துட்டுப் போ.”

“ரெண்டரைக்கெல்லாம் புது பேட்டரியோட வந்துர்றேன். வில்ஃப் அண்ணன் வண்டிய ஓட்ட எனக்கே கை நடுங்கும். பார்க்கிங் சரியில்லனு மேலேருந்து புகார் எழுதுவாரு!”

சிரித்தோம்.

வியாழக்கிழமை பனிமூட்டம் வீட்டுச் சுவர்வரை வந்து நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலிகூடத் தெரியவில்லை. நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். மணி இரண்டரை தாண்டியும் நெவிலைக் காணவில்லை. அவன் சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் அதிசயம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம். என்ஜின் சத்தம். பாம் பாம்.

எட்டிப் பார்த்தேன். சிவப்புப் பின்விளக்கு இரண்டும் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. தார்ப்பாய் நாலாக மடித்துச் சுவரோரம் இருந்தது. “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா இந்தப் பய” என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் கிழங்கைச் சீவத் தொடங்கினேன். மனசு என்னவோ லேசாக இருந்தது. அண்ணன் கார் மறுபடியும் ரோட்டில் ஓடுகிறதே என்ற நினைப்பு.

மூன்றரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

நெவில் நின்றான். இரண்டு கையாலும் ஒரு பேட்டரியைத் தாங்கியிருந்தான்.

“மன்னிச்சுக்கோக்கா. ஸ்பால்டிங்ல பேட்டரி வாங்கிட்டு வர்ற வழில லாரி ஒண்ணு குறுக்க மாட்டிக்கிச்சு. ஒரு மணி நேரமா அசைய முடியல.” அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். “வண்டி எங்க?”

என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

அதே நேரம் போன் அடித்தது. ஜோவன். “தெல்மாக்கா, மேபலுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம். மூணேகாலுக்கு உங்க நீலக் கார்ல ஏறிப் போயிட்டா. கார ரெடி பண்ணிட்டீங்க போல? கண்ணாடியெல்லாம் ஆவியா இருந்துச்சா, நீங்க ஓட்டுறது தெரியல. மேபல் மட்டும் ஜன்னல்ல கைய ஆட்டினா.”

கால் மணி நேரம். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம்தானே? வழியில் என்ன இருக்கிறது? வாய்க்கால் இருக்கிறது. அதைத் தாண்டினால் தேவாலயம். தேவாலயத்துக்குப் பின்னால்?

“போலீசுக்குச் சொல்லுங்கக்கா!” நெவில் கத்தினான். “யாரோ வண்டியத் திருடிட்டுப் புள்ளையையும்...”

“அந்தக் கார் பேட்டரி உள்ள சரக்கறையில இருக்கு நெவில்.”

அவன் கையிலிருந்த பேட்டரியைத் தரையில் வைத்தான்.

இரண்டு வருஷம் தாண்டாத கோட்டை இன்று எப்படித் தாண்டினார்? யார் அனுமதி கொடுத்தது? யோசிக்க ஒரு வினாடிகூட ஆகவில்லை. நான்தான் கொடுத்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது. மூன்று மணிக்கு நேரம் குறித்திருக்கிறது. வில்ஃபுக்கு வேறென்ன வேண்டும்?

“உன் டைரி எங்க?”

“வேன்ல...”

“எடுத்துட்டு வாடா! என் சோதனைய ரத்து பண்ணு. இப்பவே!”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினான், கிரீஸ் படிந்த தடித்த டைரியோடு வந்தான். வியாழக்கிழமைப் பக்கத்தில் மூன்று மணிக்கு நேரே என் பெயர் இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தான்.

வெளியே ரோட்டில் ஒன்றும் வரவில்லை.

“அது போதாது. ரத்துனு எழுது. நேரம் போடு. காரணம் எழுது.”

“என்ன காரணம்க்கா எழுத?”

“உரிமையாளர் கேட்டுக்கொண்டதால்னு எழுது! நீ கையெழுத்துப் போடு, கீழ நான் போடுறேன். காரியம் சுத்தமா இருக்கணும். இல்லாட்டி எங்கண்ணன் ஒத்துக்க மாட்டாரு.”

மூன்று மணி முப்பத்தாறு நிமிஷம் என்று எழுதினான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து கோழி கிளறியதைப் போல இருந்தது.

பிறகு நாங்கள் மஞ்சள் கோட்டருகே போய் நின்றோம்.

பனி.

வாய்க்காலில் எங்கோ ஒரு வாத்து கத்தியது. வேறு சத்தமே இல்லை. கடவுளை நான் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று. அன்று கூப்பிட்டேன். பிள்ளையைக் கொடுத்துவிடு, என்னை எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். நெவில் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றே முக்காலுக்கு இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன.

அவசரமில்லாமல் வந்தது. வாசலைத் தாண்டி நின்றது. பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. அண்ணன் எப்போதும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே கொண்டுவருவார். அப்படியே வந்து, சுவருக்கு ஒரு முழம் விட்டு நின்றது. என்ஜின் அடங்கியது. கை பிரேக் இழுபடும் சத்தத்தை நாங்கள் இருவருமே கேட்டோம்.

ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. இருக்கை மட்டும் ஆள் உட்கார்ந்ததைப் போல அமுங்கியிருந்தது. எங்கள் கண்ணெதிரே அது மெல்ல மேலே எழும்பியது.

பக்கத்து இருக்கையில் மேபல் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் புதினா மிட்டாய். இழுத்து அணைத்துக்கொண்டேன். உடம்பு பனிக்கட்டியாக இருந்தது. முழங்கால்வரை கறுப்புச் சேறு, காலணிக்குள் தண்ணீர் தளும்பியது.

“எங்கடி போனீங்க?”

“தாத்தா வீட்டுக்கு.” அவள் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. “தாத்தா லேட்டானதுக்கு சாரி சொன்னாரு. அவரு இப்ப இருக்கிற எடத்துல எனக்கும் எடம் வெச்சிருக்காராம். படி ரொம்ப ஈரம் பாட்டி. பாதி எறங்கிட்டோம். அப்புறம் தாத்தாவுக்குத் திடீர்னு கோபம் வந்துருச்சு.”

“ஏன்?”

“பாட்டி ரத்து பண்ணிட்டா, இனி நாம ரோட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னாரு.”



அன்றிரவு கெரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேபலின் காலணியைக் கவிழ்த்தாள். கரிமண்ணோடு ஒரு சாமந்திப் பூ விழுந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை கெரி தன் அப்பா கல்லறையில் வைத்த பூ.

“வண்டிய ஒடைச்சுருங்க அத்தை” என்றாள். “எங்கப்பாதான். நான் உசுரா இருந்த அப்பாதான். ஆனா எம்புள்ளையக் குடுக்க மாட்டேன்.”

மறுநாளே நெவில் வந்து நாலு சக்கரங்களையும் கழற்றினான். காரைச் செங்கல்மேல் ஏற்றி நிறுத்தினான். சக்கரங்களைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். பழைய வண்டி உடைப்பவருக்குச் சொன்னோம். அடுத்த வெள்ளிக்கிழமைதான் லாரி வரும் என்றார். இன்சூரன்ஸையும் ரத்து பண்ணச் சொன்னேன். போனில் பேசிய பெண் பாட்டுப் பாடுகிற குரலில், “கோரிக்கையை ஏத்துக்கிட்டோம் மேடம், இம்மாசக் கடைசிவரை நீங்க பாதுகாப்பா இருக்கீங்க” என்றாள். பாதுகாப்பாம்!

அந்த வாரம் முழுக்கக் கார் அசையவில்லை. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வலது விளக்கு மட்டும் எரியும், அணையும். வியாழக்கிழமை மேபலைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வயிற்று வலி என்று டீச்சரிடம் பொய் சொன்னேன். மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். விடிந்தால் வெள்ளி, லாரி வந்துவிடும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளினால் போதும்.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. நெவில்.

“அக்கா...” மூச்சு வாங்கினான். “நீங்க யாரையாவது கராஜுக்கு அனுப்புனீங்களா?”

“இல்லையே. என்ன ஆச்சு?”

“டைரியைத் தொறந்தேன். இன்னிக்கு மூணு மணிக்கு நேரா உங்க கார் நம்பர் எழுதியிருக்கு. நான் எழுதல. அடுத்த வியாழனும் இருக்கு. அதுக்கடுத்ததும். ஜூலை வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிற அத்தன வியாழனும் எழுதியிருக்குக்கா. லீவு நாள் மட்டும் விட்டிருக்கு.”

“யாரு கையெழுத்து?”

“வில்ஃப் அண்ணன் கையெழுத்துக்கா.”

“நெவில், அடி. எல்லாத்தையும் அடிச்சுக் கையெழுத்துப் போடு!”

“அடிக்கப் பார்த்துட்டேன். மூணு பேனா மாத்திட்டேன். ஒண்ணும் எழுத மாட்டேங்குது. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு வரி எழுதியிருக்குக்கா. தங்கச்சி ரத்து செய்யச் சொன்னால் செய்ய வேண்டாம், அவள் எதற்கெடுத்தாலும் பதறுவாள்னு.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

செங்கற்கள் சுவரோரம் நாலு நாலாக அடுக்கியிருந்தன. அதன் மேல் தார்ப்பாய் மடித்திருந்தது. கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை, ஒழுங்காகத் திறந்து கொக்கியில் மாட்டியிருந்தது. சாவி என் கழுத்தில்தான் இருந்தது.

கார் மஞ்சள் கோட்டில் நாலு சக்கரத்தோடு நின்றது.

பள்ளியில் பிள்ளை இல்லை, அவருக்கு வேலை இல்லை, போகட்டும், வெறுங்கையோடு போய்த் திரும்பட்டும். அப்படித்தான் நினைத்தேன். மேபல் என்னோடு இருக்கிறாள், அது போதும் என்று நினைத்தேன்.

பாம் பாம்.

வலது விளக்கு எரியவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. கார் எங்கும் கிளம்பவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் திறந்துகொண்டது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். மேபல் கோட்டுப் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு, காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“கதவத் தொறங்க பாட்டி. தாத்தா வந்துட்டாரு.”

“மேபல், மேல போ.”

“லேட்டாகுது பாட்டி. தாத்தாவுக்கு லேட்டானா பிடிக்காது.”

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். போனில் நெவில் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். கதவிடுக்கு வழியாகப் புதினா வாடையும் கரிமண் வாடையும் வந்தன.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ மிதியடியில் காலைத் தட்டித் துடைக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.